மூன்றாம் கியரில் ஒரு திருத்தம்

என் மனைவிக்கு ஷூ வாங்குவது சுலபமில்லை. அடிப்பாகம் மெலிதாக இருக்க வேண்டும். பெடல் பாதத்தோடு பேச வேண்டும் என்பாள்.

அவளுடைய ஸ்போர்ட்ஸ் கார் அறுநூற்றெண்பது கிலோதான். அவ்வளவு லேசான வண்டியில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை ஒரு நூல் கூட்டி மிதித்தாலும் பின்பக்கம் வழுக்கிவிடும். அவள் கால் அந்த ஒரு நூலை அறியும்.

நான் எஞ்சின் ட்யூனிங் செய்பவன். இப்போதைய கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பி கிடையாது. கால் இவ்வளவு மிதித்தால் எஞ்சின் இவ்வளவு திறக்கலாம் என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்த முடிவை லேப்டாப்பில் மாற்றுவது என் தொழில்.

மலைப்பாதைப் பந்தயத்துக்கு அவள் பெயர் கொடுத்த வாரம் அவள் வண்டியிலும் அதை மாற்றினேன். அவள் வண்டியை எடுத்தால், திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பேன். வேண்டாமென்றால் கேட்க மாட்டாள். அவளாகவே பயந்து நிறுத்தினால் யாருக்கும் வருத்தமில்லை. மூன்றாம் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் போனால் மட்டும், கால்வாசி மிதித்தாலே எஞ்சின் முழுசாகத் திறக்கும்படி செய்தேன். அந்த ஃபைலுக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்தேன்.

மறுநாள் முகம் வெளுத்து வந்தாள்.

"வண்டி தானா பாயுதுப்பா."

"அது எப்படித் தானா பாயும்? உன் காலைக் கவனி."

"என் கால் எனக்குத் தெரியாதா, மெக்கானிக் சார்?"

"அப்ப வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கும்."

சிரித்தாள். ஆனால் சாப்பிடும்போது மேசைக்கடியில் வலது பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப்பை மாட்டிப் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். டாக்டரிடம் போய்க் கால் நரம்பைச் சோதித்துக்கொண்டாள். அங்கும் ஒன்றுமில்லை. இன்னும் மெல்லிய ஷூ வாங்கிக் கொடுத்தேன். பிறகு வெறுங்காலோடு ஓட்டினாள். அப்போதும் வண்டி பாய்ந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நீ பக்கத்துல உக்காரு. நான் எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லு. உன்னை விட்டா யாரைக் கேப்பேன்?"

உட்கார்ந்தேன். மலைப்பாதையில் நான்காவது வளைவு. கியரைக் குறைத்து மூன்றுக்கு வந்தாள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தாண்டியது. அவள் கால் இன்னும் ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. அதற்குள் என் கை கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டது.

"நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே ஏன் புடிச்ச?"

நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் கண்ணில் இருந்த பயம் வண்டியைப் பற்றியது. இது வேறு. பழக்கத்தில் கால் தானாக மிதித்தது, எப்போதும்போல் மெதுவாக.

எனக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. அவளை மூடிய துணி போதவில்லை. பாதங்கள் வெளியே தெரிந்தன.

ஃபைலை மாற்றியது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்: வளைவில் சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.