தீ மூட்டப்பட்டது

காலையில் எறும்புப் புற்றில் ஒரு பிடி நொய் போடாமல் நான் கல்லூரிக்குக் கிளம்பியதில்லை. விசாரணைக் குழுவினராகிய நீங்கள் முடிவெடுக்குமுன் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோவில்பட்டியில் இருபத்தாறு வருடமாக ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். நாவலை ஆராய ஒன்பது அணுகுமுறைகள் உண்டு. பெண்ணியம், மார்க்சியம், உளப்பகுப்பாய்வு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுப்பேன். நாவலை வாசிக்காதவர்கள்கூட என்னிடம் தேறியிருக்கிறார்கள். அணுகுமுறையை மறந்தவர்கள் தேறியதில்லை.

வெயிலுகந்தம்மாள் நாவலை வாசித்துவிட்டாள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

எட்டயபுரம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் பெண். விடுமுறை நாட்களில் தாயோடு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போவாள். 2003இல் எம்.ஏ. ஆய்வேட்டுக்குக் குளிர்நாட்டுப் பெரிய வீடு ஒன்றின் கதையை எடுத்துக்கொண்டாள். அந்த நாவலில் நாற்பத்தோரு இடங்களில் 'தீ மூட்டப்பட்டது' என்று வருகிறதாம். மூட்டியவள் யார் என்று ஓரிடத்திலும் இல்லையாம். அதை வைத்தே அறுபது பக்கம் எழுதியிருந்தாள்.

வாய்மொழித் தேர்வில், எந்த விமர்சகரைப் பின்பற்றினாள் என்று அறிவதற்காக, "இது யாரோட அப்ரோச்?" என்று கேட்டேன்.

நம் ஊரில் அந்தச் சொல் சிபாரிசு பிடிப்பதற்குத்தான் பயன்படுகிறது. அவள் முகம் சுண்டிவிட்டது.

"நான் யாரையும் அப்ரோச் பண்ணல சார். எங்களுக்கு யாரைத் தெரியும்? நானாத்தான் வாசிச்சு எழுதுனேன்."

வெளியூர்த் தேர்வாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை விவரமாத்தான் இருக்கு. இங்கன அது இல்லாம ஒண்ணும் நடக்காது போலுக்கே."

துறைத் தலைவர் பதவிக்காக நான் மூன்று பேரைப் பார்த்து வந்திருந்த வருடம் அது. இருந்தும் கோபப்படவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அணுகுமுறை இல்லாததால் ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. விளாத்திகுளத்துப் பள்ளி ஒன்றில் அவளுக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நவம்பரில் மறுபடி சமர்ப்பித்துத் தேறினால் போதும், அதுவரை காத்திருப்பார்களாம். அழுதாள். வெயிலாக இருந்ததால் என் குடையைக் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பரில் ஒரு கருத்தரங்க மலரில் அந்த நாற்பத்தோரு தீயும் என் பெயரில் வெளியாயின. பத்தாவது அணுகுமுறை என்று பாராட்டினார்கள். மலரையும் என் குடையையும் எடுத்துக்கொண்டு அவள் துறைக்கு வந்தாள்.

"சார், இது நான் எழுதுனதுல்லா?"

குடையை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் முதல்வரிடம் போனாள். வகுப்பில் நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் எழுதினாள் என்று முதல்வருக்குத் தெரிவிக்கப்பட்டது. மூன்று வருடம் தேர்வெழுதத் தடை வந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. இப்போது அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு எல்லா நாளும் போகிறாள்.

அவள் சமர்ப்பித்தபோது ஏப்ரல் மாத முத்திரை பதித்த ஆய்வேட்டுப் பிரதிகளை எடைக்குப் போடும்படி சொல்லப்பட்டிருந்தது. துறை உதவியாளர் பிச்சையா ஒன்றைத் தன் வீட்டில் வைத்திருந்து உங்களிடம் தந்துவிட்டார். ஏன் என்று அவரிடம் கேட்டேன்.

"எம் பேத்தியப் பள்ளிக்கூடத்துல சேக்க அந்தப் பிள்ளைதான் மனு எழுதிக் குடுத்திச்சு சார். நீங்க எடைக்குப் போடச் சொன்னிய. எனக்குத்தான் மனசு வரல."

ஒரு மனுவுக்காக. தீபாவளி தவறாமல் அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவன் நான்.

எதையும் மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆய்வேடு எடுக்கப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது. பொய் சொல்லப்பட்டது. ஒரு பெண்ணின் வேலை பறிக்கப்பட்டது.

செய்தவர் யாராயிருந்தாலும், செண்பகவல்லி அம்மன் அவரை மன்னிக்கட்டும்.