ரோட்டைப் பார்க்கச் சொன்ன திரை

ஹைதராபாத் உப்பலில் மெட்ரோ ஏறியதும் எதிர் சீட்டிலிருந்து தமிழ் கேட்டது. கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு இரண்டு நண்பர்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"என் கார் பேச்சைக் கேட்டுத்தான்டா இடிச்சேன். இனிமே கார் நக்கோ, மெட்ரோவே போதும்."

"தானா ஓடும்னு பீத்திக்கிட்டியே?"

"ஷோரூம்ல, 'சாஞ்சு உக்காருங்க சார், அதுவே பாத்துக்கும்'னாங்க. சாஞ்சேன். திரையில ஏதோ எழுத்து வந்துச்சு. குனிஞ்சு படிச்சா, 'ரோட்டைப் பாருங்கள்'னு போட்டிருக்கு. நிமிர்றதுக்குள்ள முன்னாடி ஆட்டோ. பம்பர் போச்சு."

"எந்த மடையன்டா அதைத் திரையில போட்டான்?"

"நான்தான். அந்தக் கார் திரைக்கு சாஃப்ட்வேர் எழுதுறதே எங்க டீம்தான்."

"டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணாம இருப்பேனா? ஆபீஸ் நாற்காலியில உக்காந்து நானே பண்ணேன். அங்க ஒரு ஆட்டோகூட குறுக்க வரலையே!"