காட்டுக்குப் போய்வந்த ஆரஞ்சுச் சட்டை

...மானாம் மானு! அந்த மானப் பாக்கறதுக்கு வெள்ளெனவே எந்திரிச்சு, வேன் புடிச்சு, பொள்ளாச்சியத் தாண்டி, சேத்துமடை செக்போஸ்டுல பையெல்லாம் தொறந்து காட்டி... எதுக்குங்கறேன்? நம்மூரு வெள்ளாட்டுக்குப் புள்ளி வெச்சாப்ல நின்னுக்கிட்டு அசை போடுது. வெள்ளாடாவது கிட்டப் போனா ஒரு ‘மே’ சொல்லி மரியாதை குடுக்கும். இது நம்மளப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்குது கண்ணு!

அட நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்கற? உக்காரு, உக்காரு. வாசல்ல ‘டெய்லர் தேவை’ போர்டப் பாத்துட்டுத்தான வந்த? பேட்லாக் தையல் மிசின் ஓட்டுவேன்னு சொன்னயில்ல? அப்பறம் என்ன, இந்த வேலாத்தா கம்பெனி இனி உன்ற கம்பெனியாட்ட. டீ சொல்லியிருக்கறேன். நல்லா! ஏ நல்லா! டீ என்னாச்சு? ...அவன் நல்லான், என்ற சூப்பர்வைசரு. மேய்க்கறதுக்கு ஆளே இல்லாத சூப்பர்வைசரு.

இத்தன மிசினும் ஏன் சும்மா கெடக்குதுன்னு கேட்டயே, அதுக்குத்தான் காட்டுல இருந்து ஆரம்பிச்சேன். எல்லாம் அந்தக் காடு பண்ணுன வேலை. நாளைக்குச் சாயங்காலம் ஷிப்மெண்ட்டு. வெட்டுன துணி அங்க மூட்டை மூட்டையாக் கெடக்குது பாரு. இது போகலீன்னா ஆர்டர் குடுத்த அந்தப் பையர் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான். ஓட்டறதுக்கு ஒரு கை இல்ல. நல்ல நேரத்துல சாமி மாதிரி நீ வந்த.

இதெல்லாம் எதுத்த கம்பெனிக்காரனால வந்த வினை. அவன் ஆளுகளக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தான். உடனே என்ற ஆளுகளுக்கும் கால் அரிக்குது. ‘அக்கா, நம்ம எப்பங்க்கா?’ங்கறாங்க. இல்லீன்னு சொன்னா அக்கட்டத் தாண்டீருவாங்க. ரோடு அகலந்தான தூரம். செரி போலாம், டாப்ஸ்லிப்பு போலாம், புலி பாக்கலாம், யானை பாக்கலாம்னேன். சும்மாவும் கூட்டிட்டுப் போகல கண்ணு. ஆளுக்கொரு புதுச் சட்டை! எந்த ஓனரு குடுப்பான்?

அதாம் பாரு, அந்த டேபிள் மேல அடுக்கியிருக்கறது. ஆமா, ஆரஞ்சு. கொஞ்சம் கண்ணக் கூசும். பையர் ஷேடு சரியில்லன்னு கேன்சல் பண்ணுன ஆர்டரு. குடோன்ல கெடந்து எலி கடிக்கறதுக்குப் பதிலா நம்மாளுக போடட்டும்னு எடுத்துக் குடுத்தேன். எல்லாரும் ஒரே கலர்ல நின்னா போட்டோவுக்கும் எடுப்பா இருக்குமில்ல? காட்டுக்குள்ள எவனாவது தொலைஞ்சு போனாலும் கண்டுபுடிச்சுக்கலாம்.

அங்க போனா, சபாரி வேனுக்கிட்ட ஒரு பாரஸ்ட் கார்டு தம்பி நிக்கறான். மேலயுங் கீழயும் பாக்கறான். ‘ஏனுங்க, பச்சை, காக்கி மாதிரி மங்கலான துணி எதுவும் எடுத்துட்டு வரலீங்களா? இப்படிப் பளீர்னு போனா ஒண்ணும் கிட்ட வராதுங்களே’ங்கறான். நான் உட்டனா? ‘தம்பி, நாங்க திருப்பூரு. துணியப் பத்தி எங்களுக்குச் சொல்லித் தர்றயா நீயி?’ன்னு கேட்டுப்போட்டேன். வேன் கதவத் தொறந்து உட்டுட்டான்.

அப்பறமென்ன? வேன் போகுது, போகுது... மரம். மறுக்கா மரம். ‘அதா மயிலு!’ங்கறான். பொங்கலூர்ல என்ற அண்ணன் தோட்டத்துக்கு வந்து பாரு. மயிலு கூட்டங்கூட்டமா வந்து தக்காளி நாத்தப் புடுங்குது. அவன் தகரத்தத் தட்டித் தட்டித் தொரத்தறான். அத நான் வேன்ல போயிப் பாக்கோணுமாக்கும்? அப்பறம் காட்டுமாடு. எருமைக்கு முழங்கால் வரைக்கும் வெள்ளை சாக்ஸ் மாட்டி உட்டாப்ல இருந்துச்சு. மரத்து மேல ஒரு அணிலக் காட்டறான், பூனை தண்டி. முதுகு ஒரு கலரு, வகுறு ஒரு கலரு, வால் ஒரு கலரு! ஒரே பீஸ்ல மூணு ஷேடு வந்தா நம்ம செக்கிங்ல தூக்கிக் கடாசீருவோம். அதப் போயி எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க!

புலியா? புலி எங்க கண்ணு? சேத்துல ஒரு தடத்தக் காட்டுனாங்க. ராத்திரி போச்சாம். எங்க ஊட்டு வாசல்ல சிமெண்ட்டு ஈரத்துல நாயி மிதிச்ச தடம் இதவிடத் தெளிவா இருக்கும். புலி இருந்துச்சுன்னா போர்டுல இருக்கற படத்துலதான் இருந்துச்சு.

என்னது? யானையா? ...யானை வந்துச்சு. வரலீன்னு சொல்லல. தாயும் குட்டியுமா, ரோட்டோரத்து மூங்கில்ல நின்னுச்சு. டிரைவரு வண்டிய ஆப் பண்ணீட்டான். வேன்ல ஒருத்தரும் மூச்சு உடல. பேட்லாக் ஓட்டற கலீலு அவன் மக நிதாவக் கூட்டிட்டு வந்திருந்தான், சின்னப்புள்ள. சட்டை அதுக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்குது. அப்பன் மடில ஏறி நின்னு கண்ணாடியில மூக்க ஒட்டி வெச்சுக்கிட்டு... அந்நேரம் பாத்து என்ற போனு அடிக்குது! அந்த அத்துவானத்துல வராத சிக்னலு அந்த எடத்துல வருது கண்ணு. பையர் ஆபீஸு. எடுக்காம இருக்க முடியுமா? சரியாக் கேக்கல, சன்னல்ல தலைய நீட்டி, ‘ஹலோ! ஹலோ! வேலாத்தாதானுங்க! சத்தமாப் பேசுங்க!’ன்னேன். அவ்வளவுதான். அந்தத் தாயி குட்டிய முன்னால தள்ளிக்கிட்டு சடசடன்னு உள்ள போயிருச்சு. பின்பக்கந்தான் தெரிஞ்சுது. ஒரு போன் பேசறது பொறுக்காத ஜந்து அது என்ன ஜந்து? நம்ம பவர் டேபிள் மிசின் சத்தத்துல கைப்புள்ளைக தூங்குதுகளே!

ஆனா போன்ல நல்ல சேதி. கேன்சல் பண்ணுன ஆரஞ்சு ஆர்டர, அப்படியே எடுத்துக்கறானாம்! வெட்டி வெச்சதையுஞ் சேத்து முழுசா வேணுமாம். எனக்கு நெலை கொள்ளல. ‘வண்டியத் திருப்பு, கம்பெனிக்குப் போலாம்’னேன். எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க. சாயங்காலம் யானை முகாம்ல ராயிக்களி உருட்டி யானைக்கு ஊட்டுவாங்களாம், அது பாக்கோணுமாம். நான் சொன்னேன், ‘களி திங்கறதப் பாக்க இத்தன தூரமா? என்ற மாமியா தின்னதப் பாத்தாப் பத்தாதா?’ ஒருத்தருஞ் சிரிக்கல. அந்த நிதாப் புள்ள, ‘யானை திரும்பி வருமா அத்தை?’ன்னு கேட்டுக்கிட்டே வந்து ஆனைமலைகிட்டத் தூங்கிப்போச்சு.

இதுக்கா வேலைய உட்டாங்கன்னு பாக்கறயா? இல்ல, இல்ல. நேரா வந்து மிசின்ல உக்காந்து இருட்டற வரைக்கும் தெச்சாங்க. பாவம், நல்ல ஆளுக. பொறவு கெளம்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். கோபமாக்கூடச் சொல்லல கண்ணு. ‘அந்தச் சட்டைய மட்டும் தொவச்சுத் தேச்சு நாளைக்குக் கொண்டாந்துருங்க’ன்னேன்.

...ஏன் அப்படிப் பாக்கற? அந்தக் கலர்ல இனித் துணி கெடையாது! பீஸு குறைஞ்சா ஆர்டரே தட்டிப்போகும். ஒருக்காப் போட்டது, அதுல என்ன தேஞ்சா போச்சு? காட்டு மண்ணு பட்டது தொவச்சாப் போகப்போகுது.

இன்னைக்குக் காத்தால வந்தாங்க. ஒருத்தரு விடாம வந்தாங்க. மடிச்சு, மடிப்புக் கலையாம, அந்த டேபிள் மேல ஒண்ணு மேல ஒண்ணா வெச்சாங்க. ஒருத்தரும் மிசின்ல உக்காரல. கலீலு சொல்றான்: ‘அக்கா, சட்டைய எண்ணிக்குங்க. ஆள எண்ணாதீங்க.’ என்ன திமுரு பாத்தயா? திருப்பிக் குடுத்தாங்கல்ல, குடுத்துட்டு உக்கார வேண்டியதுதான! அப்படியே ரோட்டத் தாண்டிப் போய்ட்டாங்க, வரிசையா, யானை போனாப்ல.

அதுலயும் அந்த நிதா சட்டைய விரிச்சுப் பாரு. பாரு! மார்க்கர் பேனாவுல யானை! முன்னால மூஞ்சிகூட இல்ல. வாலும் பின்னங்காலும் மட்டும். அது பாத்தது அவ்வளவுதான... எத்தன சோப்புப் போட்டாலும் போக மாட்டீங்குது. சுத்த ரிஜெக்ட்டு. இது கார்ட்டன்ல போகாது. இந்தா, உனக்கு வெச்சுக்க. புதுசாச் சேர்றவனுக்கு ஓனரம்மா குடுக்கறது. அட வாங்கிக்க கண்ணு, இத நான் திருப்பிக் கேக்க மாட்டேன்... கறை போற மருந்து எதுவுங் கெடைக்காத வரைக்கும்.

ஒரு நிமிசம், ஒரு நிமிசம் இரு. போனு. பையர் ஆபீஸு... ஹலோ! ஹலோ! வேலாத்தாதானுங்க! ...ஆமாங்க, ஆளெல்லாம் ஃபுல்லா இருக்காங்க! ...மிசின் சத்தமுங்களா? அது... டீ டைமுங்க! ...இல்லீங்க, இல்லீங்க, நாளைக்குச் சாயங்காலம் கட்டாயம் ஏத்தீறலாமுங்க! இப்பக்கூட ஒரு பேட்லாக் டெய்லரு புதுசா வந்து என்ற முன்னாலயே உக்காந்திருக்கறானுங்க! ...சரிங்க! வெச்சறனுங்க!

ஆங், எங்க உட்டேன்... கண்ணு?

கண்ணு! ...நல்லா, இங்க உக்காந்திருந்த தம்பி எங்க? எப்பப் போனான்? ரோட்டத் தாண்டியா? அங்கயேவா? ...இந்தா, சட்டையகூட நாற்காலி மேல மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கறான், அந்த யானைப் பின்பக்கம் மேல தெரியறாப்ல.

ஒரு போன் பேசறது பொறுக்க மாட்டீங்குது ஒருத்தருக்கும்!

அந்த டீய இங்க குடு, நானே குடிச்சுக்கறேன். நீ போயி அந்த போர்ட ரோட்டுப் பக்கமா இன்னுங் கொஞ்சம் தள்ளி வை. சும்மா வெச்சா எவன் கண்ணுலயும் பட மாட்டீங்குது. இந்தச் சட்டைய எடுத்து அது மேல விரிச்சு மாட்டி உடு, நல்லா. தூரத்துல வரும்போதே பளீர்னு தெரியட்டும்.