நடுவில் இருக்கும் பொத்தான்

மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டு முன்னறையில் வெயில் நேராக டீவித் திரையில் விழும். அதனால் முதல் வேலையாகத் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினேன். வாக்குமூலத்தை எழுதித் தருகிறேன் என்று நானேதான் கேட்டேன், சார். பேசினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். இருபத்து நான்கு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களில் பெயர் எழுதி ஒட்டுகிற கை இது, எழுத்து புரியாமல் போகாது.

நேற்று நான் சொன்னது பொய். மின்சாரம் போனது, பேட்டரிப் பெட்டி கைவிட்டது, தம்பிக்கு மூச்சு நின்றுவிட்டது என்று சொன்னேன். அதற்குள் மாடி வீட்டு அம்மா உங்களிடம், "கரண்டு இல்லாத நேரத்துலயும் கீழ டொய்ங் டொய்ங்னு பாட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சே" என்று சொல்லிவிட்டாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது.

உங்களுடன் வந்த பெண் காவலர் எங்கள் டீவியைப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க இருக்கு? எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. என் பையன் இதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால்தான் மற்றதும் புரியும்.

எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்கு ஒன்பது. கப்பலில் வேலை பார்த்த மாமா, டீவியில் மாட்டி விளையாடுகிற அந்த வீடியோ கேம் பெட்டியையும் ஒரே ஒரு கேமையும் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பேர் ஊர் ஊராக நடந்துபோய், வழியில் வருகிற பூதங்களோடு சண்டை போட்டு, கடைசியில் ஒரு பெரிய அரக்கனை வீழ்த்த வேண்டும். அவ்வளவுதான் கதை. அதில் வருகிற மொழி எங்களுக்குத் தெரியாது. எந்தப் புட்டி மருந்து, எந்தப் புட்டி விஷம் என்பதைக் குடித்துப் பார்த்தே கற்றுக்கொண்டோம். கடைசி அரக்கனுக்கு எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரின் முகவெட்டு. அதனால் அவனுக்குப் பெரிய வாத்தியார் என்று பெயர் வைத்தோம். வாள் வைத்திருப்பவன் தம்பி, வெள்ளை அங்கி போட்டு மருந்து கொடுப்பவள் நான்.

அதில் கிணற்றடியில் ஒரு கிழவன் நிற்பான். எத்தனை தடவை போனாலும் அதே இரண்டு வரிதான் சொல்வான். சலிக்காது. நாம் போய்ச் சேரும்வரை எந்த ஊரும் கெட்டுப்போகாது, யாருக்கும் வயதாகாது. சத்திரத்தில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும். நூறு சில்லறைப் பூதங்களை அடித்தால் நம் பலம் ஒன்று கூடும், அதை எண்ணாகவே திரையில் காட்டுவார்கள். நான் வேலை பார்க்கிற இடத்தில் இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்கு அந்த எண்ணைக் காட்டியதில்லை. அந்தப் பெண் காவலரின் மகன் இன்னும் சின்னப் பையன். நாற்பது தாண்டட்டும், அவனும் வருவான்.

அந்த விளையாட்டில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. சண்டை நடுவே ஒருவன் விழுந்துவிட்டால் அவனை எழுப்பிக்கொண்டு நிற்கக் கூடாது. எழுப்புவதற்குள் எதிரி இரண்டு அடி கூடுதலாக அடிப்பான், நிற்கிறவனும் விழுவான். முதலில் சண்டையை முடி. விழுந்தவனைப் பிறகு எழுப்பலாம். இது நான் போட்ட விதி இல்லை, தம்பி போட்டது. ஒன்பது வயதில் அவனுக்கு அவ்வளவு மூளை.

அந்தச் சின்ன வயதில் பெரிய வாத்தியாரை நாங்கள் ஜெயிக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நடுவில் ஏதோ ஆகி அணைந்துபோனது, சேமித்து வைத்திருந்ததும் அழிந்துவிட்டது. பிறகு பரீட்சை வந்தது, அப்பா பெட்டியைப் பரண்மேல் போட்டார். சிறுபிள்ளைச் சமாச்சாரம், நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி வளர்ந்து கல் அறுக்கும் பட்டறைக்குப் போனான். இருபது வருடம் கல்தூசியைச் சுவாசித்தான். நுரையீரல் இறுகிவிட்டது என்று சொல்லி, போன வருடம் அவனையும் ஆக்சிஜன் மெஷினையும் அவன் மனைவி என் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி, படி ஏற முடியாது. நான் தனிக்கட்டை. முன்னறையில் அவனுக்குக் கட்டில் போட்டேன். அவன் மனைவி தையல் ஆலைக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு வருவாள். எனக்குக் காலை ஷிஃப்ட், ஒரு மணிக்கு முடியும். மதியம் முழுக்க அவன் என் பொறுப்பு. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னது அவன்தான். "அக்கா, வாத்தியார் நம்மள மறந்திருப்பாரு. ஒரு தடவை போயி ஞாபகப்படுத்திட்டு வரலாமா?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. முதல் ஊரிலிருந்து தொடங்கினோம். தினமும் இரண்டிலிருந்து ஐந்துவரை, பதினோரு மாதம். கன்ட்ரோலரை நான் பிடிப்பேன், என்ன செய்வது என்று அவன் சொல்வான். மாஸ்க் போட்டுக்கொண்டு பேசினால் இரைக்கும் என்பதால் கையில் ஒரு ஸ்பூன் கொடுத்திருந்தேன். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் அடி. இரண்டு தட்டினால் மருந்து. மூன்று என்றால் ஓட்டம். அவன் மூன்று தட்டி நான் கேட்டதே இல்லை.

பேட்டரிப் பெட்டியைப் பற்றியும் கேட்டீர்கள். மெஷினுக்காக வாங்கியதுதான். அதைப் பொருத்தியவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "மெஷின் மட்டும்னா அரை மணி நேரம் தாங்கும்மா. டீவியும் அதுல மாட்டாதீங்க, இருபது நிமிஷம்கூட வராது" என்று சொன்னார். நான் டீவியையும் கேமையும் அதிலேயே மாட்டினேன். எங்கள் தெருவில் மின்சாரம் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை கண்ணடித்தால் இரண்டு மணி நேர உழைப்பு போய்விடும், ஏனென்றால் அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. அதற்கென்று இருக்கும் இடத்துக்கு நடந்துபோக வேண்டும். அரை மணிக்கு மேல் மின்சாரம் போனால் கட்டிலுக்கு அடியில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. சாவியைப் போட்டுத் திருகி, மாஸ்க் குழாயை மாற்றிக்கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். நான் பல தடவை செய்திருக்கிறேன்.

அன்றைக்கு அவன் நன்றாகவே இருந்தான், சார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி தொண்ணூற்று இரண்டு காட்டியது. முந்தின வாரம் டாக்டர் புது மருந்து வேலை செய்வதாகச் சொல்லியிருந்தார். அவன் மனைவி கீழ்த்தள வீடு ஒன்று பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். "அண்ணி, உங்களுக்கு எத்தனை தொந்தரவு குடுத்துட்டோம். அடுத்த மாசம் உங்க வீடு உங்களுக்கு" என்றாள். நல்ல பெண். நான் சந்தோஷம் என்று சொன்னேன்.

தம்பி காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தான். "அக்கா, வீடு மாறுறதுக்குள்ள வாத்தியாரை முடிச்சிடணும். இன்னிக்கே." கோட்டைக்குள் ஏறி, வழியில் நின்ற காவல் பூதங்களை எல்லாம் முடித்துப் பெரிய வாத்தியார் முன்னால் நிற்கும்போது மூன்று மணி. மூன்றே காலுக்கு மின்சாரம் போனது. பேட்டரிப் பெட்டி கீச் கீச் என்றது. காற்றாடி நின்றது. மெஷின் ஓடியது, டீவியும் ஓடியது.

நான் கணக்குப் போட்டேன். வாத்தியாரின் பலத்தில் பாதிதான் குறைந்திருந்தது. இன்னும் அரை மணி வேண்டும். இரண்டையும் ஓட்டினால் இருபது நிமிடம்கூட வராது. டீவியையும் கேமையும் பிடுங்கினால் அதுவரை விளையாடியது எல்லாம் போகும். மெஷினைப் பிடுங்கினால் டீவியும் கேமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். என் வேலையில் தினமும் இப்படித்தான். இருக்கிற ரத்தம் கொஞ்சம், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும். பதற்றப்பட்டால் குழாய்தான் உடையும்.

எழுந்துபோய் மெஷினின் பிளக்கை எடுத்தேன். தவறி வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். என் வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அவன் என்னைப் பார்த்தான். "சிலிண்டரா அக்கா?" என்றான். அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. "ம்" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு கேட்டது. வெள்ளை அங்கிக்காரி எல்லோருக்கும் மருந்து கொடுத்தாள். மறுபடியும் இரண்டு. மறுபடியும் கொடுத்தேன். அவன் கேமைச் சொல்கிறான் என்று நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம், நீங்கள் நம்பவும் கூடும். ஆனால் அப்போது எங்கள் நான்கு பேருக்கும் முழு பலம் இருந்தது, மருந்தே தேவையில்லை. எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் புரிந்தது. தட்டு வேகமானது, பிறகு ஒழுங்கு கெட்டது. ஸ்பூன் தரையில் விழுந்தபோது வாத்தியாரின் பலத்தில் கால்வாசி பாக்கி. விரல் கருவி கீங் கீங் என்று கத்தியது. அதில் வந்த எண்ணை நான் பார்த்தேன். என்ன எண் என்று எனக்குத் தெரியும், எழுத விருப்பமில்லை.

மூன்று நாற்பத்தாறுக்குப் பெரிய வாத்தியார் விழுந்தார். திரை வெள்ளையானது. அவர் சொன்ன கடைசி வார்த்தை என்ன மொழியோ, கடைசிவரை புரியவே இல்லை. நான்கு பேரும் ஒரு மலைமேல் நின்றார்கள். தம்பியின் வாள்காரன் முன்னால் நின்றான். அழகாக இருந்தது, சார். பதினோரு மாதம் அவன் பார்க்க ஆசைப்பட்ட படம். "பார்றா" என்று நான் சொன்னேன்.

பிறகு விதிப்படி நடந்துகொண்டேன். சண்டை முடிந்ததும் சிலிண்டரை இழுத்து, சாவியைத் திருகி, குழாயை மாற்றி, மாஸ்க்கை நேராக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மணிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன அண்ணி, இன்னிக்கு இவ்ளோ அமைதியா இருக்கு?" என்றாள். சத்தம் போடாதே, எழுந்திருப்பான் என்று சொன்னேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

நீங்கள் விவரம் தெரிந்த யாரையோ கேட்டிருக்கிறீர்கள் என்று இன்று காலை புரிந்தது. "கன்ட்ரோலர்ல நடுவுல ஒரு பட்டன் இருக்காமே, அதை அமுக்குனா கேம் அப்படியே நிக்குமாமே" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். ஆமாம், இருக்கிறது. மெஷினைப் பிடுங்கிய பிறகு எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அதை அழுத்திவிட்டுச் சிலிண்டரைத் திறந்து, அவனுக்கு மாஸ்க்கை மாற்றிவிட்டு, தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வந்து விளையாடியிருக்கலாம். அவனும் ஜெயித்திருப்பான், நானும் ஜெயித்திருப்பேன். என் கட்டைவிரல் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. நான் அழுத்தவில்லை.

தம்பி மேல் ஏதாவது கோபமா என்று கேட்டீர்கள். எனக்கு அவன் மேல் என்ன கோபம். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அந்தப் பழைய சங்கதியை எல்லாம் என்றைக்கோ மறந்துவிட்டேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. வாத்தியாருக்கு இன்னும் இரண்டே அடிதான் பாக்கி. "அக்கா, நிறுத்துக்கா, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றான். அவனுக்காக அந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். கதவுப் பக்கம் ஓடினான், வயரில் கால் மாட்டிக் கேம் பெட்டியின் பிளக் பிடுங்கிக்கொண்டது. பச்சைக் கால்சட்டை, இடது கால். திரும்பிப் பார்த்து ஈ என்று இளித்தான்.