நாற்பத்திரண்டு பக்கத்தை ஒரே பக்கமாக்கிய ஆர்டெல்லா அம்மையாருக்கு

சொல்லைச் சுருக்கிச் சட்டத்தைச் செதுக்கிய செம்மையே! காற்புள்ளி ஒன்று காணாமற் போனாலும் கண்டுபிடித்துக் கொணரும் கண்டிப்பே! முப்பத்தோர் ஆண்டுகளில் ஒன்பது தட்டச்சுப் பொறிகளைக் களைப்படையச் செய்தும், தாம் மட்டும் களைப்பறியாக் காரியத் திறலே! எங்கள் அலுவலகத்தின் தலைமைச் செயலர் திருமதி ஆர்டெல்லா விங்கேட் அம்மையீர்!

இன்று ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம். அடைமொழி எதைக் கண்டாலும் சிவப்புப் பென்சிலை எடுப்பவர் தாங்கள் என்பதை அறிவோம். இன்று பென்சில் எங்கள் கையில். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் காபி போடும் சாக்கில் எழுந்து போய்விடுவீர்கள். தங்கள் காபியை இத்தனை ஆண்டுகள் குடித்துப் பிழைத்ததே எங்கள் பாக்கியம், இன்றும் சோதிக்க வேண்டாம். ஆகவே தாங்கள் அமர்ந்திருங்கள். நாங்கள் சற்றே அவையின் பக்கம் திரும்பி, இங்குள்ள இளையவர்கள் அறியாத ஒரு கதையைச் சொல்லிக்கொள்கிறோம்.

அவையோரே! ஐம்பத்து மூன்றாம் ஆண்டில் வடக்கு டக்கோட்டாவின் கோதுமைக் காட்டிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலேறி வந்தார் ஆர்டெல்லா. தட்டச்சராகச் சேர்ந்தார். பத்தே ஆண்டில், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் திரு. லோவல் ஸ்ட்ராண்ட் எந்த மசோதாவைக் கொடுத்தாலும் அதை முதலில் எழுதும் கை இவருடையதாயிற்று. அப்போதுதான் கடலுக்கு அப்பால் அந்தப் போர் தொடங்கியது. ஸ்ட்ராண்டும் அதற்கு ஆதரவாகத்தான் கையைத் தூக்கினார். ஆறு மாதத்தில் முடியும் என்றார்கள். ஆறு ஆண்டு ஆயிற்று.

தொகுதியில் ஒரு வீட்டுப் பிள்ளை போரில் இறந்தால், அந்தத் தாய்க்கு உறுப்பினரின் கையொப்பத்தோடு இரங்கல் கடிதம் போகும். அதைத் தட்டச்சில் அடிப்பவர் ஆர்டெல்லா. கடிதத்தில் பெயர் மட்டும் மாறும், மற்றபடி அதே வாசகம். பதினெட்டாவது கடிதத்தோடு அச்சு வாசகத்தைக் கிழித்துப் போட்டார். அதன்பின் ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே எழுதினார். அந்தப் பையன் எந்தப் பள்ளியில் படித்தான், பந்தாட்டத்தில் எந்த இடத்தில் நின்றான் என்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதினார். ஒரு நாள் முடித்த கடிதத்தைக் கையொப்பத்துக்கு வைக்கும்போது ஸ்ட்ராண்டிடம் மெல்லச் சொன்னார்:

"ஐயா, இது முப்பதாவது. எனக்குப் புதுசா எழுத வார்த்தை இல்லை. நீங்க வேற ஏதாவது எழுதக் கொடுங்க."

அந்த 'வேற ஏதாவது'தான், போருக்கான பணத்தை நிறுத்தித் துருப்புகளைத் திரும்ப அழைக்கும் நாற்பத்திரண்டு பக்க மசோதா.

முதல் ஆண்டு ஆதரவாக விழுந்த வாக்குகள் அறுபத்தொன்று. அடுத்த ஆண்டு நூற்று நாற்பத்து மூன்று. மூன்றாம் ஆண்டு நூற்று எண்பத்தொன்பது. நாடெங்கும் மக்கள் போரை வெறுத்துவிட்டார்கள். சபைக்குள் மட்டும் அந்த வெறுப்பு வாசற்படி தாண்டி வரவில்லை. காரணம் ஒரே ஒருவர். கென்டக்கி மாநிலத்தின் திரு. கிளைட் பெட்டிஜான், எதிர்க்கட்சிக்காரர், முந்தைய பெரும்போரில் காலில் குண்டு வாங்கியவர். வாக்கெடுப்புக்குச் சற்று முன் கைத்தடியை ஊன்றி எழுந்து நிற்பார். பேச்சு அரை நிமிடந்தான்.

"போருக்குப் பணத்தை நிறுத்தணும்னு சொல்றீங்க. சரி. நாளைக்கு அங்க இருக்கிற பையன் துப்பாக்கியில தோட்டா இருக்குமா? தட்டுல ரொட்டி இருக்குமா? அதுக்கு இங்க யாரு பொறுப்பு?"

சபை அமைதியாகிவிடும். தயங்கி நின்றவர்களெல்லாம் 'எதிர்ப்பு' என்பார்கள்.

மூன்றாம் தோல்விக்குப் பின் ஸ்ட்ராண்ட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினார். "போதும் ஆர்டெல்லா. அந்தக் கைத்தடி இருக்கிற வரைக்கும் நம்மளால முடியாது. விட்டுடலாம்."

ஆர்டெல்லா விடவில்லை. மறுநாள் நண்பகல், சபையின் உணவுக்கூடத்தில் பெட்டிஜான் வழக்கம்போல் தனியாக மொச்சைச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி உறுப்பினரின் மேசையில் அலுவலகப் பெண் ஒருவர் போய் உட்காரும் வழக்கம் அன்றைக்கு இல்லை. ஆர்டெல்லா தம் தட்டோடு போய் எதிரே உட்கார்ந்தார். அங்கே நடந்ததை அவரே பிற்பாடு எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

"ஸ்ட்ராண்ட் ஆபீஸ் அம்மாதானே நீங்க?" என்றார் பெட்டிஜான். "என்ன, சூப்புல விஷம் வெக்க வந்தீங்களா?"

"இந்தச் சூப்புக்கு அது தேவைப்படாதுங்க ஐயா."

கிழவர் சிரித்துவிட்டார். ஆர்டெல்லா அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் கேட்டார்: "எங்க மசோதாவைப் படிச்சீங்களா?"

"ஏழாம் பக்கம் வரைக்கும். அதுக்கு மேல எனக்கே புரியலைம்மா. எங்க ஊர்ல சுரங்கத்துல நிலக்கரி வெட்றவனுக்கு நான் அதை எப்படிச் சொல்றது? முதல் இருபது பக்கம் யாரு தப்புன்னு சண்டை. பையன் எப்படி வீட்டுக்கு வருவான்னு எங்க எழுதியிருக்கு?"

"முப்பத்தாறாம் பக்கத்துல."

"பாருங்க!"

பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். அவர் சபையில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். "நான் போன போர்ல எங்களைப் பின்வாங்கச் சொன்னாங்க. உத்தரவு போட்டவங்க எங்களை மறந்துட்டாங்க. பதினோரு நாள்மா. உருளைக்கிழங்குத் தோலைத் தின்னோம். குண்டுல செத்தவனை விட அந்தப் பதினோரு நாள்ல செத்தவன் அதிகம். நான் போருக்கு ஆதரவுன்னு உங்க ஆளு நினைக்கிறாரு. எனக்குப் போரும் பிடிக்காது, மறந்து போற அரசாங்கமும் பிடிக்காது."

மூன்று ஆண்டுகளாக யாரைத் தடைச்சுவர் என்று நினைத்தோமோ, அவர் அஞ்சியது எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று ஆர்டெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. உணவுப் பட்டியலைத் திருப்பினார், பேனாவைத் திறந்தார்.

"அன்னைக்குச் சட்டத்துல எந்த ஒரு வரி இருந்திருந்தா உங்களுக்கு ரொட்டி வந்திருக்கும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கிழவர் சூப்புக் கிண்ணத்தை ஒருபுறம் தள்ளிவைத்தார். பின்பு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "கடைசி ஆள் கப்பல் ஏறும்வரை, ஒருவனுக்கும் உணவும் மருந்தும் தோட்டாவும் குறையக் கூடாது."

அந்தச் சனியும் ஞாயிறும் அலுவலகத்தில் ஒரே ஒரு பொறியின் ஓசைதான். திங்கட்கிழமை ஸ்ட்ராண்டின் மேசையில் ஒரு தாள் இருந்தது. துருப்புகள் திரும்ப வேண்டிய நாள், அதற்கான கப்பலும் விமானமும், அவற்றுக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முதலாக, அந்தக் கிழவர் சொன்ன வாக்கியம்.

"மத்ததெல்லாம் எங்க?" என்றார் ஸ்ட்ராண்ட்.

"எடுத்துட்டேன்."

"யாரு பொய் சொன்னாங்க, எப்படி இந்தப் போருக்குள்ள இழுத்தாங்கன்னு இருபது பக்கம் எழுதினோமே! நானே ஏமாந்தேன்னு அதுல ஒத்துக்கிட்டிருந்தேனே!"

"அதைத் தனியாப் புத்தகமாப் போடுங்க ஐயா, நான் அடிச்சுத் தர்றேன். பழி சொல்லணும்னா அந்தப் பக்கம் வேணும். பசங்க வீட்டுக்கு வரணும்னா இந்தப் பக்கம் போதும்."

"மேல முதல் பேரு பெட்டிஜான்னு போட்டிருக்கு."

"ஆமா. வாக்கியம் அவரோடது."

உறுப்பினர் இரண்டு நாள் ஆர்டெல்லாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சபையில் தம் பெயரைத் தாங்கி நிற்கப்போகும் ஒரே சட்டத்தில் தம் பெயர் இரண்டாவதாக வருவது யாருக்குத்தான் சுடாது? மூன்றாம் நாள் காலையில் அறைக்குள் வந்து, தாளில் கையொப்பமிட்டு, "காபி இருக்கா?" என்றார். அவ்வளவுதான் சமாதானம். அந்தக் காபியைக் குடித்ததே பெரிய தியாகம்.

வாக்கெடுப்பன்று பார்வையாளர் மாடத்தின் கடைசி வரிசையில் ஆர்டெல்லா உட்கார்ந்திருந்தார். கைத்தடி ஊன்றப்பட்டது. சபை வழக்கம்போல் அமைதியாயிற்று. பெட்டிஜான் அந்த ஒரு பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "மூணு வருஷமா நான் கேட்ட கேள்விக்கு இதோ பதில். இனிமே என்கிட்ட சாக்கு இல்லை. உங்ககிட்டயும் இருக்கக் கூடாது," என்றார், உட்கார்ந்தார். பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். ஆர்டெல்லா கையுறையின் நுனியைக் கடித்தபடி மனத்துக்குள் எண்ணினார். நூற்றுத் தொண்ணூறில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. ஆதரவு இருநூற்றுப் பதினைந்து, எதிர்ப்பு இருநூற்றெட்டு என்று தலைவர் அறிவித்தபோது பக்கத்திலிருந்த அறிமுகமற்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாக் கேட்டீங்களா? திரும்பச் சொல்லுங்க" என்று மூன்று முறை சொல்லச் செய்தார்.

மேலவையில், மறுக்க முடியாத பெரியதொரு நிதி மசோதாவின் முதுகில் இந்தப் பக்கத்தை ஏற்றிவிட்டார்கள். விரும்பியோ விரும்பாமலோ அதிபரின் கையொப்பம் விழுந்தது. குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே கடைசிக் கப்பல் புறப்பட்டது. பசித்தவர் எவரும் அதில் இல்லை.

அம்மையீர்! இனித் தங்கள் பக்கமே திரும்புகிறோம். அதன்பின் வந்த ஆண்டுகளில் பண்ணைச் சட்டமும் பள்ளிச் சட்டமும் பாலச் சட்டமும் எழுதினீர்கள். உறுப்பினர்கள் மாறினாலும் உறுதி மாறாதிருந்தீர்கள். கட்சி பார்க்காமல் கடிந்தீர்கள், கணக்குப் பார்க்காமல் கற்பித்தீர்கள். தம் நடுப்பெயரையே 'தேவையற்ற சொல்' என்று தாங்கள் அடித்துவிட்டதாக எங்களுள் ஒருவர் இன்றும் குறைபடுகிறார். இதோ முன்வரிசையில் எண்பதை எட்டும் பெட்டிஜான் அவர்களும், ஓய்விலிருந்து எழுந்து வந்த ஸ்ட்ராண்ட் அவர்களும் அருகருகே உட்கார்ந்து, யார் பெயர் முதலில் என்று இன்னமும் வழக்காடுகிறார்கள். அவ்வழக்கை நாங்கள் தீர்க்கப் போவதில்லை.

சட்டம் நிறைவேறிய அடுத்த இளவேனிலில், தொகுதியின் எல்டர் கிரீக் ஊரிலிருந்து ஒரு தாய் புகார்க் கடிதம் எழுதியிருந்தார். தங்கள் கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டோம், மன்னியுங்கள். "உங்க சட்டத்தால என் மகன் வீட்டுக்கு வந்துட்டான். மத்தியானம் வரைக்கும் தூங்குறான். ஒரு நாளைக்கு ஆறு முட்டை சாப்பிடுறான். கட்டுப்படி ஆகலை. இதுக்கு அரசாங்கம் என்ன செய்யப்போகுது?" என்று கேட்டிருந்தார். அதற்குத் தாங்கள் அனுப்பிய மறுமொழியின் நகலும் உடன் இருந்தது. இந்த அலுவலகத்திலிருந்து வெளிப்போந்த கடிதங்களில் இதனினும் இனிய ஒன்றை நாங்கள் கண்டதில்லை:

"அன்புள்ள அம்மா, தங்கள் புகார் கிடைத்தது. சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை. இன்னும் நான்கு கோழி வாங்கவும்."

எழுதுகோல் ஓய்ந்தாலும் எள்ளல் ஓயாது, கோதுமைக் காட்டுக் காற்றில் உடல்நலம் குன்றாது, எழுப்ப ஆளின்றி நண்பகல்வரை உறங்கித் தாங்கள் நூறாண்டு வாழ்க!

இவண்,
தங்கள் திருத்தங்களால் திருந்திய
வடக்கு டக்கோட்டா அலுவலகத் தோழர்களும்,
தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து வந்து கையொப்பமிடும்
கென்டக்கி அலுவலகத் தோழர்களும்
வாஷிங்டன், 1984