அறுபது சஹன் யார் வீட்டுக்கு?

இரு தரப்புச் சண்டையையும் சிரித்த முகத்தோடு சகித்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் கதிர்காமத்தம்பி ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்து எங்களுக்கு மதிப்பளித்திருக்கும் பெரியோர்களே! கணினி மொழி வழக்கு என்று தெரிந்தும் துணிந்து வந்திருக்கும் தாய்மார்களே! காத்தான்குடியில் இருந்தும் ஓட்டமாவடியில் இருந்தும் பஸ் பிடித்து வந்த உறவுகளே! சனிக்கிழமைதோறும் என்னோடு அமர்ந்து 'வாவி' என்னும் நம் தமிழ் நிரல் மொழியைக் கட்டியெழுப்பும் தோழர்களே! எதிரணியில் இருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் ஆருயிர் நண்பர் றுஸ்தி அவர்களே! பழுகாமத்து உதயரூபனின் வணக்கமும் ஸலாமும் உங்கள் எல்லோருக்கும் உரித்தாகட்டும்.

அடுத்த தவணையில் வாவி நம் பாடசாலைகளுக்குப் போகிறது. போகுமுன் ஒரு கேள்விக்கு நீங்கள் இன்று கைதூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கணினியிடம் ஒரு வேலையைச் சொல்லும்போது சில விவரங்களைக் கொடுக்கிறோம். அந்த விவரங்களைப் பெயர் சொல்லிக் கொடுக்க வழி வைப்பதா? அல்லது இப்போதுபோல, முதலாவது இது, இரண்டாவது அது என்று வரிசையை மட்டுமே நம்பிக் கிடப்பதா?

என்ன ஐயா, தலை சுற்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள், பிரியாணிக்கு வருகிறேன். பாருங்கள், பின்வரிசையில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்!

றுஸ்தி என்ன சொன்னார்? "கவனமா எழுதுறவனுக்குப் பேர் என்னத்துக்கு?" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நண்பன் அல்லவா! "பேர வெச்சா மறுகா அந்தப் பேர மாத்தேலாது, மாத்தினா பழைய நிரலெல்லாம் முறியும்" என்றார். அதுவும் உண்மைதான். மனிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு கலியாணத்தை மறந்துவிட்டார்.

ஹமீட் நானாவைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? காத்தான்குடியில் அவர் சமைத்தால் கல்லடிப் பாலம் வரைக்கும் மணக்கும்! சஹன் சாப்பாடு அவருடைய தொழில். ஒரு பெருந்தட்டு, சுற்றிவர ஆறு பேர், ஒரே சோறு, ஒரே சிரிப்பு. அந்தச் சமையல்கூடத்தில் ஓடர்களைப் பார்ப்பவர் அவருடைய தங்கையின் மகள் இர்ஷானா. நம் சனிக்கிழமை வகுப்பிலேயே மிகக் கவனமான பிள்ளை. கணக்கை மூன்று முறை பார்ப்பார், நாலாம் முறையும் பார்ப்பார்.

பெண் காத்தான்குடி, மாப்பிள்ளை ஓட்டமாவடி. நம் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும்: கலியாணம் பெண் வீட்டில், மாப்பிள்ளை வந்து குடியேறுவதும் பெண் வீட்டில். ஆகவே பெண் வீட்டுக்கு அறுபது சஹன். ஊர்வலத்தோடு வராமல் ஓட்டமாவடியில் நிற்கிறவர்களுக்குப் பதினைந்து. இர்ஷானா புதன்கிழமை எழுதினார்: விருந்து, அடைப்புக்குறிக்குள் அறுபது, பதினைந்து. முதலாவது பெண் வீடு, இரண்டாவது மாப்பிள்ளை வீடு. சரிபார்த்தார், சரியாகத்தான் இருந்தது.

கலியாண நாள் ஞாயிற்றுக்கிழமை, எந்த வீட்டுக்கு எத்தனை சஹன் என்று கணினி வேன்காரர்களுக்குத் துண்டு அச்சடித்தது. ஹமீட் நானா அடுப்படியில் நின்றார். துண்டில் இருந்தபடி வேன்கள் பறந்தன. பகல் பன்னிரண்டரைக்கு ஓட்டமாவடியில் இருந்து மாப்பிள்ளையின் தாயார் ஆமினா உம்மாவின் அழைப்பு வருகிறது.

"ஹமீட் தம்பி, இதென்ன கூத்து? எங்கட ஊட்டுல நிக்கிற சனம் தொண்ணூறு. நீங்க அனுப்பின சஹன் அறுபது! முழு ஓட்டமாவடியையும் கூப்பிடச் சொல்றீங்களா?"

சிரியுங்கள், சிரியுங்கள்! காத்தான்குடியில் அன்று யாரும் சிரிக்கவில்லை. முந்நூற்று அறுபது பேர் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருக்க, முன்னால் வந்ததோ பதினைந்து தட்டு! அயல் வீடுகள் எல்லாம் சட்டிபானையோடு ஓடிவந்தன. ஆமினா உம்மா மிச்சச் சஹன்களை வேனில் ஏற்றி, தானும் ஏறிக் காவலுக்கு வந்தார். மூன்று மணிக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள். பசியில் சாப்பிட்டதால் இவ்வளவு ருசியான கலியாணச் சாப்பாடு வேறு இல்லை என்று இன்னும் சொல்கிறார்கள்.

ஆனால் பழி? பழி யார் தலையில் விழுந்தது? இர்ஷானாவின் தலையில்! "ரெண்டு இலக்கத்த ஒழுங்கா எழுதத் தெரியாத புள்ள" என்றார்கள். ஹமீட் நானா கணினியை மூடிவைத்துவிட்டுப் பழைய கணக்குக் கொப்பியை எடுத்தார். அந்தப் பிள்ளை தான் எழுதிய வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழை தெரியவில்லை. தெரியாத பிழைக்கு அழுதார். இரண்டு மாதமாக வகுப்புக்கு வரவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த வரியில் பிழையே இல்லை! 'விருந்து' என்ற அந்த வேலையை வாவிக்குள் எழுதியவன் நான். வியாழக்கிழமை, தூரத்து வேன்தானே முதலில் புறப்படுகிறது, மாப்பிள்ளை வீட்டை முதலில் வைத்தால் அழகாக இருக்குமே என்று வரிசையை மாற்றியவன் நான். யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை சரியாக இருந்த பிள்ளை, விரலைக்கூட அசைக்காமல் ஞாயிற்றுக்கிழமை குற்றவாளியானார். திங்கட்கிழமையே எனக்கு விளங்கிவிட்டது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

றுஸ்தி, இப்போது சொல்லுங்கள்! கவனம் இல்லாதவர் யார்? பெயரை மாற்றினால் நிரல் முறியும் என்றீர்கள். முறியட்டுமே! பெயரை மாற்றினால் கணினி அந்த நிமிடமே கத்தும். வரிசையை மாற்றினால் வாயே திறக்காது. பெண்வீடு அறுபது, மாப்பிள்ளைவீடு பதினைந்து என்று பெயர் சொல்லி எழுத வாவி வழிவிட்டிருந்தால், நான் எத்தனை முறை வரிசையைப் புரட்டினாலும் அந்த அறுபதும் காத்தான்குடிக்கே போயிருக்கும்.

கதவடியில் நிற்கும் இர்ஷானா தங்கச்சி, இந்த அவை அறிய உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிழை என்னுடையது. என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்... "ரெண்டு மாசமா எங்க இருந்தீங்க?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

அதோ, ஹமீட் நானா எழும்புகிறார். "மகள், நாளைக்கு வந்து கம்பியூட்டரத் திற. கொப்பிய நான் அடுப்புல போடுறன்" என்கிறார். தட்டுங்கள், பலமாகத் தட்டுங்கள்!

எனக்காக யாரும் கை தூக்க வேண்டாம். நாளை நம் பாடசாலைகளில் ஆயிரம் பிள்ளைகள் வாவியில் எழுதுவார்கள். அவர்களுக்குத் தெரியாமல் என்னைப்போல் ஒருவன் உள்ளே எதையாவது மாற்றுவான். அன்று ஒரு பிள்ளை தான் எழுதிய வரியைக் காட்டி, "நான் சொன்னது இதுதான், பேரோட எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்க" என்று தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும். அந்த உரிமையைக் கொடுக்கத்தான் கை தூக்கச் சொல்கிறேன்.

தலைவரே, மணியை அடிக்கக் கையெடுத்துவிட்டீர்கள், முடித்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கைகளை எண்ணும் வேலையை இர்ஷானாவிடம் கொடுக்கும்படி கேட்டு அமர்கிறேன். வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.