லண்டனுக்கு ஒரு பழைய சிம்

நேசமலர்: அந்தச் சிம்மைக் கழட்டாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்றது?

இரத்தினசிங்கம்: கழட்டேல்லை, மலர். பாக்கிறன்... என்ரை கண்ணாடி எங்கை?

நேசமலர்: நெத்தியிலை கிடக்கு.

இரத்தினசிங்கம்: ம்... இஞ்சை பாரும். மகள் லண்டன் எயார்போட்டுக்கு அங்கத்தைச் சிம்மோடை வந்து நிப்பாள். வீட்டிலை வைபை இருக்கு. பிறகு இது என்னத்துக்கு?

நேசமலர்: கிடக்கட்டுமன். சோறா கேக்குது?

இரத்தினசிங்கம்: காசு கேக்கும். ரோமிங்கிலை ஒருக்காக் கதைச்சா என்ரை பென்சன் பறந்திடும்.

நேசமலர்: நான் ஒருத்தரோடையும் கதைக்க மாட்டன்.

இரத்தினசிங்கம்: நீரோ? மீன்காரனோடையே அரை மணித்தியாலம் கதைக்கிற ஆள்...

நேசமலர்: பகிடி விடாதேங்கோ. காலமையிலையிருந்து இந்தச் சூட்கேசோடை மல்லுக்கட்டிக் களைச்சுப் போனன்.

இரத்தினசிங்கம்: சரி, கதைக்க மாட்டீர். பிறகேன் நம்பர்?

நேசமலர்: மகனுக்கு இந்த ஒரு நம்பர்தான் பாடம்.

இரத்தினசிங்கம்: பிரதீபன் காணாமல் போய் எத்தினை வருசம்... அவன்ரை நம்பருக்கு எடுத்தா இப்ப ஆரோ ஒருத்தி சிங்களத்திலை கதைக்கிறா.

நேசமலர்: நீங்கள் எடுத்துப் பாத்தனீங்களே?

இரத்தினசிங்கம்: ...கை பட்டுப் போச்சு.

நேசமலர்: காணாமல் போன அண்டைக்கும் வெள்ளவத்தை ஸ்டேஷனிலை றெயினாலை இறங்கி மிஸ்கோல் தந்தவன். வந்திட்டான் எண்டு நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சனான்...

இரத்தினசிங்கம்: காணும், மலர். விடும்.

நேசமலர்: நீங்கள் விட்டிட்டியள். நான் விடேல்லை.

இரத்தினசிங்கம்: ஓம். நான் எப்பவோ விட்டிட்டன்.

நேசமலர்: அப்ப நீங்கள் மட்டும் போய்ப் பேரப்பிள்ளையைப் பாத்திட்டு வாங்கோ. நான் இந்த நம்பரோடை இஞ்சையே இருக்கிறன்.

இரத்தினசிங்கம்: விசர்க்கதை கதையாதையும். போனைத் தாரும்.

நேசமலர்: தரமாட்டன்!

இரத்தினசிங்கம்: கழட்ட இல்லையப்பா. டேட்டாவை மட்டும் நிப்பாட்டோணும், அதுதான் தெரியாமல் காசைத் திண்ணுமாம். ரோமிங் நேற்றே போட்டிட்டன்.

நேசமலர்: நேற்றோ? பிரஷர் குளுசை வாங்கப் போறன் எண்டுதானே...

இரத்தினசிங்கம்: காலி வீதிக் கடையிலை ரெண்டு தரம் கேட்டனான். எடுத்துக் கதைச்சாத்தான் காசாம். அவன் எப்பவும் மிஸ்கோல்தானே தாறவன்... மிஸ்கோலுக்கு லண்டனிலையும் காசில்லையாம், மலர்.